28 பவுண்டு போதும்: ஜான் வெஸ்லியும் அவருடைய கணக்குப் புத்தகமும்

கிறிஸ்தவமும் பணமும் என்று சொன்னால் நம்மில் பலருக்கு உடனே ஞாபகம் வருவது இரண்டு விஷயங்கள். ஒன்று, ஊசியின் காதுக்குள் நுழையப் பார்க்கும் ஒட்டகம். இன்னொன்று, தசமபாகம். பணக்காரனுக்குப் பரலோகம் கஷ்டம், சம்பளத்தில் பத்தில் ஒன்று சபைக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில், மீதி ஒன்பது பங்கை என்ன செய்வது, எவ்வளவு செலவழிக்கலாம், கடன் வாங்கலாமா, சேர்த்து வைக்கலாமா என்ற கேள்விகளுக்கு யாராவது உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறார்களா?

எழுதியிருக்கிறார். எழுதியது மட்டுமல்ல, அறுபது வருஷத்துக்கு மேல் அதன்படி வாழ்ந்தும் காட்டியிருக்கிறார். அவர் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி (1703 - 1791). சரித்திரப் புத்தகங்களில் இவரைக் குதிரை மேல் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தவர் என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். ஆனால் இவருடைய பணக் கணக்கு தனியாகப் பார்க்க வேண்டிய ஒன்று. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஒரு சின்ன முன்குறிப்பு. அந்தக் கால இங்கிலாந்தில் 1 பவுண்டு என்றால் 20 ஷில்லிங். 1 ஷில்லிங் என்றால் 12 பென்ஸ். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி தேவைப்படும்.

கடனில் மூழ்கிய வீடு

வெஸ்லி பிறந்தது இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் எப்வொர்த் என்ற சின்ன ஊரில். அப்பா சாமுவேல் வெஸ்லி அந்த ஊர் ஆலய குருவானவர். படித்தவர், கவிதை எழுதுபவர். ஆனால் கணக்கு மட்டும் வராது. பெரிய குடும்பம், கைக்கு மீறிய செலவு, எப்போதும் கடன்.

1705-ல், ஜானுக்கு இரண்டு வயதாகும்போது, ஊரில் ஒருவருக்குத் தர வேண்டிய 30 பவுண்டுக்கும் குறைவான கடனுக்காக சாமுவேலைப் பிடித்து லிங்கன் கோட்டைச் சிறையில் போட்டார்கள். அன்றைய சட்டத்தில் கடனைக் கட்ட முடியாதவனுக்குச் சிறைதான். உள்ளே போனவன் சம்பாதிக்க முடியாது, சம்பாதிக்காமல் கடனைக் கட்ட முடியாது, கட்டாமல் வெளியே வர முடியாது. வினோதமான சட்டம்!

அப்போது யார்க் பேராயர், சாமுவேலின் மனைவி சுசன்னாவைப் பார்த்து, எப்போதாவது சாப்பாட்டுக்கே இல்லாமல் இருந்ததுண்டா என்று விசாரித்தாராம். அந்த அம்மா சொன்ன பதிலின் சாரம் இது: ரொட்டி இல்லாமல் இருந்ததில்லை, ஆனால் அதைச் சாப்பிடும் முன் வாங்கப் பட்ட பாடும், சாப்பிட்ட பின் அதற்குக் காசு கொடுக்கப் பட்ட பாடும் சேர்ந்து ரொட்டியையே கசக்க வைத்துவிடும். கடன் வாங்கிக் குடும்பம் நடத்தும் எந்த வீட்டுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இந்த வீட்டில் வளர்ந்த பையன்தான், பிற்காலத்தில் பைசா சுத்தமாகக் கணக்கு எழுதும் மனிதனாக ஆனான்.

28 பவுண்டுக் கணக்கு

ஜான் ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, 1726-ல் அங்கே லிங்கன் கல்லூரியில் ஃபெல்லோ ஆனார். கொஞ்சம் வருமானம் வந்தது. மற்ற இளைஞர்களைப் போலவே அறையை அலங்கரிக்கப் படங்கள் வாங்கி மாட்டினார். ஒரு குளிர்கால நாளில், அவரும் நண்பர்களும் செலவு செய்து படிக்க வைத்திருந்த ஒரு ஏழைப் பெண் அவரைப் பார்க்க வந்தாள். உடம்பில் மெல்லிய துணி ஒன்றுதான். வேறு உடை இல்லையா என்று கேட்டால், இருப்பதே இதுதான் என்கிறாள். வெஸ்லி பையில் கையை விட்டார். கிட்டத்தட்ட காலி. கையில் இருந்ததை அப்போதுதான் செலவழித்து முடித்திருந்தார். இந்தப் பெண்ணின் குளிரைப் போக்கியிருக்க வேண்டிய காசல்லவா சுவரில் படமாகத் தொங்குகிறது என்று அவருக்குச் சுருக்கென்று தைத்தது. அரை நூற்றாண்டு கழித்து, உடை பற்றிய ஒரு பிரசங்கத்தில் இதை அவரே சொல்கிறார்.

அவருடைய இன்னொரு பிரசங்கத்தில் ஒரு ஆக்ஸ்ஃபோர்டு இளைஞனின் கணக்கு வருகிறது. பெயர் சொல்லாமல் மூன்றாம் மனிதராகச் சொல்கிறார். ஆனால் அது அவரேதான் என்பது வரலாறு எழுதியவர்களின் பொதுவான முடிவு. கணக்கு இது:

முதல் வருஷம்: வருமானம் 30 பவுண்டு. செலவு 28. தானம் 2.
இரண்டாம் வருஷம்: வருமானம் 60. செலவு 28. தானம் 32.
மூன்றாம் வருஷம்: வருமானம் 90. செலவு 28. தானம் 62.
நான்காம் வருஷம்: வருமானம் 120. செலவு 28. தானம் 92.

கவனித்தீர்களா? வருமானம் நான்கு மடங்கு ஆகிறது. செலவு அசையவே இல்லை. நம் ஊரில் சம்பளம் ஏறினால் முதலில் செல்போன் மாறும், பிறகு வண்டி மாறும், பிறகு வீடு மாறும். சம்பளம் ஏறியும் மாதக் கடைசியில் கை காலிதான். வெஸ்லி அந்த இடத்தில்தான் கோடு போட்டார். வாழ எவ்வளவு தேவை என்பதை ஒருமுறை தீர்மானித்துவிட்டு, வருமானம் ஏறும்போது வாழ்க்கைத் தரத்தை ஏற்றாமல் கொடுப்பதை ஏற்றினார். தசமபாகக் கணக்கில் நான்காம் வருஷம் அவர் கொடுத்திருக்க வேண்டியது 12 பவுண்டுதான். கொடுத்தது 92.

வாரம் ஒரு பென்னி

1739-ல் பிரிஸ்டலில் வெஸ்லி திறந்தவெளியில் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். கேட்க வந்தவர்களில் பெரும்பாலானோர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள், நெசவாளர்கள், வீட்டு வேலைக்காரர்கள். அந்த வருஷமே அங்கே ‘நியூ ரூம்’ என்ற கட்டடம் எழும்பத் தொடங்கியது. கட்டடம் வந்தால் கடனும் கூடவே வந்துவிடுமே.

1742 பிப்ரவரி 15-ம் தேதி, அந்தக் கடனை எப்படி அடைப்பது என்று கூடிப் பேசினார்கள். ஃபாய் என்ற மாலுமி ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுக்கட்டும். பலரும் அதற்குக்கூட வழியில்லாத ஏழைகளாயிற்றே என்று ஆட்சேபணை வந்தது. சரி, இருப்பதிலேயே ஏழைகள் பதினோரு பேரை என்னிடம் விடுங்கள், அவர்களால் முடிந்தால் கொடுக்கட்டும், முடியாவிட்டால் அவர்கள் பங்கையும் நானே போடுகிறேன் என்றார் அவர். மற்றவர்களும் அப்படியே ஆளுக்குப் பதினோரு பேரை ஏற்றுக்கொண்டார்கள்.

ஆக, பன்னிரண்டு பேர் கொண்ட குழு. வாரம் 12 பென்ஸ், அதாவது ஒரு ஷில்லிங். ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 4 ஷில்லிங் 4 பென்ஸ். வசூல் செய்யப் போனவர்கள் வாரா வாரம் வீடு வீடாக ஏறி இறங்கியதில், யாருக்கு உடம்பு சரியில்லை, எந்த வீட்டில் குடி, எங்கே புருஷன் பெண்டாட்டி சண்டை என்பதெல்லாம் தெரிய வந்தது. மெதடிஸ்டுகளின் புகழ்பெற்ற ‘கிளாஸ்’ கூட்டம் பிறந்த கதை இதுதான். பின்னால் அந்த இயக்கத்தின் முதுகெலும்பாக ஆன விஷயம், கடன் அடைக்க நடத்திய வசூலில் பிறந்தது!

1743-ல் வெஸ்லி தம் சங்கங்களுக்குப் பொது விதிகள் எழுதினார். அதில் ஜெபம், உபவாசம் மட்டும் இல்லை. திருப்பிக் கொடுக்க வழி தெரியாமல் கடன் வாங்கக் கூடாது, காசு கொடுக்க வழி தெரியாமல் கடையில் பொருள் எடுக்கக் கூடாது, சட்டத்தை மீறிய வட்டி வாங்கவும் கூடாது கொடுக்கவும் கூடாது, தீர்வை கட்டாத கடத்தல் சரக்கு கூடாது என்றும் இருக்கிறது. அப்பா லிங்கன் கோட்டையில் கிடந்ததை மகன் மறக்கவில்லை போலிருக்கிறது.

வட்டியில்லாத தண்டல்

கடன் வாங்காதே என்று சொல்வது சுலபம். நாளைக்குத் தொழில் நடத்த ஊசி நூல் வாங்கக் காசில்லாதவன் என்ன செய்வான்? அடகுக் கடைக்குத்தான் போவான். தொழில் கருவியையே அடகு வைத்துவிட்டுக் கையைப் பிசைவான். இதை லண்டனில் நேரில் பார்த்த வெஸ்லி 1746-ல் ஒரு கடன் நிதியைத் தொடங்கினார். வசதி உள்ளவர்களிடம் கேட்டுச் சேர்ந்த தொகை 30 பவுண்டு 16 ஷில்லிங்.

விதிகள் எளிமையானவை. ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கு 20 ஷில்லிங்குக்கு மேல் கிடையாது. அது லண்டன் கூலித் தொழிலாளி ஒருவரின் ஏறத்தாழ இரண்டு வாரக் கூலி. வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும். வட்டி இல்லை. நம் ஊர்த் தண்டல் மாதிரியே, ஆனால் தண்டல்காரரின் லாபம் மட்டும் கிடையாது.

1748 ஜனவரியில் வெஸ்லி தம் நாட்குறிப்பில் கணக்கு எழுதுகிறார்: 18 மாதத்தில் 255 பேர் பயனடைந்திருக்கிறார்கள். வெறும் 31 பவுண்டுக்கும் குறைந்த முதலில்! வாரா வாரம் பணம் திரும்பி வந்ததால் அதே காசு திரும்பத் திரும்பக் கைமாறியது. வங்கதேசத்தில் முகமது யூனுஸ் 1976-ல் ஏழைகளுக்குச் சிறுகடன் கொடுக்கத் தொடங்குவதற்கு 230 வருஷத்துக்கு முன்பே இது நடந்திருக்கிறது. (யூனுஸின் கிராமீன் வங்கியில் வட்டி உண்டு, இங்கே இல்லை என்ற பெரிய வித்தியாசம் இருக்கிறது.)

இந்த நிதியில் கடன் வாங்கியவர்களில் ஒருவரைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். பெயர் ஜேம்ஸ் லாக்கிங்டன். செருப்புத் தைக்கும் தொழிலாளி. 1774-ல் லண்டனில் ஒரு சின்ன இடத்தில் பழைய புத்தகக் கடை போட்டார். அதற்கு இந்த நிதியிலிருந்து 5 பவுண்டு கிடைத்தது. (அதற்குள் உச்சவரம்பை உயர்த்தியிருந்தார்கள்.) 1780-ல் அவர் ஒரு முடிவெடுத்தார்: இனி யாருக்கும் கடனுக்குப் புத்தகம் இல்லை, ரொக்கம் மட்டும்தான், அதனால் விலையும் குறைவு. வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. கடைசியில் ஃபின்ஸ்பரி சதுக்கத்தில் ‘கலைத்தேவியரின் கோவில்’ என்ற பிரம்மாண்டமான புத்தகக் கடையைக் கட்டி, லண்டனின் அதிசயங்களில் ஒன்றாக ஆக்கினார்.

அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? 1791-ல் சுயசரிதை எழுதி மெதடிஸ்டுகளைக் கிண்டல் செய்தார் :) ஆனால் 1804-ல் இன்னொரு புத்தகம் எழுதி வருத்தம் தெரிவித்தார். கடைசிக் காலத்தில் அவர்களுக்குக் கோவில்களும் கட்டிக் கொடுத்தார்.

மூன்று விதிகள்

1760-ல் அச்சில் வந்த ‘பணத்தின் உபயோகம்’ என்ற பிரசங்கம்தான் இந்த விஷயத்தில் வெஸ்லியின் முக்கியமான எழுத்து. லூக்கா 16-ம் அதிகாரத்தில் வரும் அநீதியுள்ள உக்கிராணக்காரனின் கதைதான் அதற்கு அடிப்படை. உக்கிராணக்காரன் என்றால் எஜமானின் பண்டகசாலையைப் பார்த்துக்கொள்பவன். சாவி அவன் இடுப்பில், சரக்கு எஜமானுடையது. நம் பணத்துக்கும் நாம் அப்படித்தான் என்பது வெஸ்லியின் வாதம். பணம் கெட்டது என்று அவர் சொல்லவில்லை. பசித்தவனுக்கு அது சோறு, நோயாளிக்கு மருந்து. கெட்டுப்போவது அதைப் பயன்படுத்தும் விதம்தான்.

முதல் விதி: முடிந்த அளவு சம்பாதிக்க வேண்டும். ஆனால் எல்லைகள் உண்டு. உடம்பைக் கெடுத்துக்கொண்டு சம்பாதிக்கக் கூடாது. பாஷாணம் கையாளும் தொழில், ஈயம் உருக்கும் புகையில் நிற்கும் தொழில் ஆகியவற்றை உதாரணமாகச் சொல்கிறார். தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் எதுவும் வராத காலம் என்பதைக் கவனிக்கவும். மனசாட்சியைக் கெடுத்தும் சம்பாதிக்கக் கூடாது. இங்கே ஒரு வேடிக்கை: கணிதமும் அல்ஜீப்ராவும் ஆழமாகப் படித்தால் தம் கடவுள் நம்பிக்கையே போய்விடும் என்பதால் தமக்கு அது ஆகாது, மற்றவர்களுக்கு ஆகலாம் என்கிறார். (கணக்குப் பாடத்துக்குப் பயந்த நண்பர்கள் இந்தக் காரணத்தைக் குறித்துவைத்துக்கொள்ளலாம்.) மூன்றாவதாக, அடுத்தவனைக் கெடுத்தும் சம்பாதிக்கக் கூடாது. அடகுக் கடை, சாராய வியாபாரம், வேண்டுமென்றே வியாதியை இழுத்தடிக்கும் வைத்தியர், அநியாய பில் போடும் வக்கீல், எல்லோரையும் ஒரு பிடி பிடிக்கிறார்.

இரண்டாம் விதி: முடிந்த அளவு மிச்சப்படுத்த வேண்டும். இதைத்தான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். வங்கியில் போட்டு வளர்ப்பதை அவர் சொல்லவில்லை. நாக்கு ருசிக்கும் கண் பகட்டுக்கும் ஊர் மெச்சுவதற்கும் காசைக் கரைக்காதே என்பதுதான் அர்த்தம். பணத்தைப் பெட்டியிலோ பாங்க் ஆஃப் இங்கிலாந்திலோ பூட்டி வைப்பதும் மண்ணில் புதைப்பதும் அவருக்கு ஒன்றுதான்.

மூன்றாம் விதி: முடிந்த அளவு கொடுக்க வேண்டும். இது இல்லாவிட்டால் முதல் இரண்டுக்கும் அர்த்தமே இல்லை. வரிசையும் சொல்கிறார். முதலில் உன் சாப்பாடு, உடை, உடல்நலம். பிறகு மனைவி, பிள்ளைகள், வேலைக்காரர்கள். மிஞ்சினால் விசுவாசக் குடும்பத்தார். இன்னும் மிஞ்சினால் எல்லா மனிதர்களும். பத்தில் ஒன்றா, மூன்றில் ஒன்றா, பாதியா என்ற பேச்சே இல்லை. எல்லாமே எஜமானுடையது. ஒரு செலவு சரியா என்று சந்தேகம் வந்தால், இதை நான் சொந்தக்காரனாகச் செய்கிறேனா, உக்கிராணக்காரனாகச் செய்கிறேனா என்று கேட்டுப் பார்க்கச் சொல்கிறார்.

இரண்டு வெள்ளிக் கரண்டிகள்

ஊருக்குத்தான் உபதேசமா? இல்லை. வெஸ்லியின் புத்தகங்கள் மலிவு விலையில் ஏராளமாக விற்றன. நிறையப் பணம் வந்தது. 1776-ல் தீர்வை அதிகாரிகளுக்குச் சந்தேகம். இவ்வளவு பெரிய மனிதரிடம் கணக்கில் காட்டாத வெள்ளிப் பாத்திரங்கள் இருக்குமே, வரி கட்டவில்லையே என்று கடிதம் அனுப்பினார்கள். அவர் பதில்: லண்டனில் இரண்டு வெள்ளிக் கரண்டி, பிரிஸ்டலில் இரண்டு வெள்ளிக் கரண்டி, அவ்வளவுதான்; சுற்றிலும் இத்தனை பேர் ரொட்டிக்கு இல்லாமல் இருக்கும்போது இதற்கு மேல் வாங்குவதாக இல்லை.

1785 ஜனவரியில், 81 வயதில், ஏழைகளுக்கு உடை வாங்க 200 பவுண்டு வேண்டும் என்று லண்டன் தெருக்களில் ஐந்து நாள் நடந்தே பிச்சை கேட்டார். கணுக்கால் அளவுக்கு உருகிய பனி. முடிவில் படுத்த படுக்கையாகிவிட்டார்.

தாம் சாகும்போது, புத்தகங்களும் கடன்களும் போக, 10 பவுண்டுக்கு மேல் விட்டுவிட்டுப் போனால் தம்மைத் திருடன் என்று உலகம் சாட்சி சொல்லட்டும் என்று முன்பே எழுதியிருந்தார். 1790 ஜூலையில், நடுங்கும் கையால், இனிமேல் கணக்கு எழுதப் போவதில்லை என்று கணக்குப் புத்தகத்தை மூடினார். 1791 மார்ச் 2-ல் இறந்தார். உயிலில், சவ வண்டி வேண்டாம், ஆறு ஏழைகள் தம் உடலைச் சுமக்கட்டும், ஆளுக்கு 20 ஷில்லிங் கொடுங்கள் என்று எழுதியிருந்தார். பையிலும் மேசையிலும் இருந்த மிச்சக் காசு நான்கு பிரசங்கிகளுக்கு. வாழ்நாளில் அவர் கொடுத்தது ஏறத்தாழ 30,000 பவுண்டு இருக்கும் என்று வரலாறு எழுதியவர்கள் மதிப்பிடுகிறார்கள்.

எங்கே உடைந்தது?

இத்தோடு முடித்தால் இது மகான் சரித்திரம் ஆகிவிடும். ஆனால் கதையின் கசப்பான பகுதி இனிமேல்தான்.

ஒழுங்காக உழைத்து, குடிக்காமல், வீண்செலவு செய்யாமல் இருந்தால் என்ன ஆகும்? பணம் சேரும். மெதடிஸ்டுகளுக்கும் அதுதான் நடந்தது. ஒரு தலைமுறையில் சுரங்கத் தொழிலாளி கடைக்காரர் ஆனார். கடைக்காரரின் மகன் முதலாளி ஆனான். 1786-ல் வெஸ்லி இதை வெளிப்படையாகவே எழுதினார்: பக்தி உழைப்பையும் சிக்கனத்தையும் தருகிறது, அவை செல்வத்தைத் தருகின்றன, செல்வம் பக்தியைத் தின்றுவிடுகிறது. தாம் கட்டிய வீட்டின் அஸ்திவாரத்திலேயே கரையான் இருப்பதைக் கிழவர் பார்த்துவிட்டார். பின்னாளில் ஜெர்மன் சமூகவியல் அறிஞர் மாக்ஸ் வேபர், புராட்டஸ்டன்ட் ஒழுக்கமும் முதலாளித்துவமும் பற்றிய தம் புகழ்பெற்ற நூலில் (1904 - 05) இந்தப் பகுதியைத்தான் எடுத்துக்காட்டினார்.

1789-ல் ஒரு பிரசங்கத்தில் வெஸ்லி கேட்கிறார்: முதல் விதியைக் கடைப்பிடிப்பவர்கள் பலர், இரண்டாவதைச் சிலர், மூன்றாவதை எத்தனை பேர்? 50,000 மெதடிஸ்டுகளில் 500 பேராவது தேறுவார்களா? அதாவது நூற்றுக்கு ஒருவர். ஐம்பது வருஷம் பிரசங்கம் செய்தவரின் சொந்தக் கணக்கு இது.

அவருடைய முறையிலும் குறை இல்லாமல் இல்லை. அவருக்குப் பிள்ளைகள் கிடையாது. போகும் ஊரில் எல்லாம் சாப்பாடு போட ஆள் உண்டு. முதுமையில் கைவிடாத ஒரு அமைப்பு பின்னால் இருந்தது. 28 பவுண்டு கோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க அவருக்கு இருந்த வசதி, நான்கு பிள்ளைகளோடு வாடகை வீட்டில் இருந்த நெசவாளிக்கு இல்லை. குடும்பத்துக்கும் தொழிலுக்கும் தேவையானதை வைத்துக்கொள்ளலாம் என்று அவரே விலக்கு கொடுத்திருக்கிறார் என்பது உண்மை. ஆனால் ‘தேவை’ என்ற சொல்தான் ரப்பர் மாதிரி இழுபடும் சொல்லாயிற்றே. பலரும் நழுவியது அந்த வழியாகத்தான் என்று எனக்குப் படுகிறது.

நமக்கு என்ன?

வெஸ்லியின் வாரிசுகள் 1814-ல் இலங்கைக்கு வந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஜேம்ஸ் லிஞ்ச் 1817-ல் சென்னைக்கு வந்தார். தென்னிந்திய மெதடிஸ்டுகள் 1947-ல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தார்கள். ஆகவே இந்தக் கதை நமக்கு அவ்வளவு தூரத்துக் கதையும் அல்ல.

ஆனால் கிறிஸ்தவர்களுக்கு மட்டும்தான் என்றும் நான் நினைக்கவில்லை. முதல் இரண்டு விதிகளை நமக்குச் சொல்லிக்கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நன்றாகப் படி, நல்ல வேலைக்குப் போ என்று வீட்டில் சொல்கிறார்கள். எப்படிச் சேமிப்பது, எதில் முதலீடு செய்வது என்று பத்திரிகைகள் சொல்கின்றன. கொடுத்தால் நூறு மடங்காகத் திரும்பி வரும் என்று மேடையில் முழங்குபவர்களும் இருக்கிறார்கள். திரும்பி வரும் என்று கொடுப்பது முதலீடுதானே, கொடை எப்படி ஆகும்? வெஸ்லி அந்த வாக்குறுதியைக் கொடுக்கவில்லை. அவர் கொடுத்தது திரும்பி வரவும் இல்லை. 10 பவுண்டு கணக்கோடு போய்ச் சேர்ந்தார்.

இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் நம்மில் பலர் முதல் சம்பளம் வாங்கப் போகிறோம். 28 பவுண்டு என்பது அவருடைய எண். அது நமக்குப் பொருந்தாது, பொருந்தவும் வேண்டியதில்லை. ஆனால் சம்பளம் ஏறத் தொடங்கும் முன்பே, எனக்கு இவ்வளவு போதும் என்று ஒரு எண்ணைத் தாளில் எழுதி வைப்பது நல்லது. ஏறிய பிறகு எழுத உட்கார்ந்தால் அந்த எண்ணும் கூடவே ஏறிவிடும். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து எழுதித்தான் பாருங்களேன். உங்கள் எண் எவ்வளவு?